திரும்பி நில்லுங்கோ

விடிய நாலு மணிக்கு
சங்கக் கட்டடத்து வாசலில் பதினொரு கான்கள்.
திருக்கடலூர்க் காற்றில் ஒன்றையொன்று இடித்து
வெறும் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தன.
டீசல் கூப்பன் அடிக்கவேண்டிய திரை
ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டியது:
திறக்க முடியவில்லை.

பழைய சேர்வர் வெள்ளியன்று செத்தது.
உப்புத்தான். உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்து
ஒரு டப், கொஞ்சம் புகை.
புதிய பெட்டி கொழும்பிலிருந்து
இரவு பஸ்ஸில் திருகோணமலை வந்தது.
அது வந்த மட்டைப்பெட்டியை
வாசலில் ஒரு மான் நின்று தின்றது,
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறியிலிருந்து தொடங்கி.

எல்லாக் கோப்பும் பத்திரமாய் ஏறிவிட்டது.
கொன்பிக் கோப்பும்தான்.
ஆனால் தரவுத்தளத்தின் வழி சொல்லும்
அந்த ஒற்றை வரி இருந்த இடத்தில்
நண்டு ஓடிக் கலைத்த மணல்போல் இருபது வரி எழுத்து,
முடிவில் இரண்டு சமன்குறி.

"கோப்பு இருக்கெண்டுறியள், பிறகென்ன?"
கேட்டவர் மரியநேசன்.
இருக்கு அண்ணை. வாசிக்கத்தான் ஏலாது.
பூட்டினது பழைய பெட்டி.
சாவி கோப்புக்குள்ளே இல்லை,
அந்தப் பெட்டியின்ர உடம்புக்குள்ளே.
வேற பெட்டி எதுக்கும் இது வெறும் எழுத்து.
"அப்ப செத்ததைத்தான் எழுப்பவேணும்."
கானில் குந்தியபடி சொன்னார்.
அதற்குமேல் நான் விளக்கவேண்டி இருக்கவில்லை.

பூட்டியவன் சுகிர்தன், எனக்கு முன் இருந்தவன்.
இப்போது தோஹாவில். அழைத்தேன்.
அங்கே இரவு ஒன்றரை.
"பாஸ்வேர்டோ? மறந்துபோச்சு, நிலானி,"
என் கேள்வி முடியுமுன்.

எதிர் ஸ்டூடியோக்காரரை எழுப்பி
கல்யாண ஆல்பம் செய்யும் கணினியின்
பவர் சப்ளையைக் கழற்றினோம்.
ஃபௌசுல் டோர்ச் பிடித்தான்.
ஐந்து இருபதுக்குச் செத்த பெட்டி
சளி கட்டிய தொண்டையைச் செருமி எழுந்தது.
ஒரே கட்டளை:
மறைத்த பகுதியின் பெயர், கோப்பு கிடக்கும் பாதை,
அவிழ்.
என்டரில் விரல் வைத்தபோதுதான் உணர்ந்தேன்,
என் முதுகில் பதினொரு பேரின் மூச்சு.

கொஞ்சம் திரும்பி நில்லுங்கோ.

ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.
செருப்புத் தேயும் சத்தம், அவ்வளவுதான்.
பதினொரு பேரும் கடலைப் பார்த்து நின்றார்கள்,
கைகள் பின்னால், கால்கள் சற்றே அகன்று,
யாரோ எப்போதோ பழக்கிவிட்ட வரிசையில்.
நான் கேட்டது அதை அல்ல.
சும்மா நில்லுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்,
குரல் வரவில்லை.

மணல் அடங்கியது.
சேர்வர் பெயர். பயனர் பெயர்.
பிறகு, அது.

உங்களுக்கும் சொல்லமாட்டேன்.
படகொன்றின் பெயர்போல் இருந்தது,
பின்னால் நான்கு இலக்கம்.
உள்ளே நுழைந்ததும் பதிவேட்டில் தேடினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகள்.
அப்படி ஒன்று இல்லை.

வெளிச்சம் பட்ட சொல்லை மாற்றவேண்டும், அதுதான் விதி.
மாற்றினேன். இருபத்திரண்டு எழுத்து,
ஒரு அர்த்தமும் இல்லாதவை.
புதிய பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
சாவியின் பிரதி ஒரு பென் டிரைவில்,
பொருளாளர் பிலோமினாவின் இரும்பலுமாரிக்குள்,
கோப்பு இருக்கும் அறையிலிருந்து தள்ளி.

திரும்பலாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.
பிரிண்டர் கிறீச்சிட்ட பிறகுதான் திரும்பினார்கள்.
முதல் கூப்பனை வாங்கும்போது மரியநேசன்
நான் கேட்காமலே சொன்னார்:
"நாங்கள் ஒண்டும் காணேல்லை, பிள்ளை."

ஆறரைக்கு வாசல் வெறிச்சோடியது.
மட்டைப்பெட்டியில் அம்பு போய்விட்டது,
'கவனம்' மட்டும் பாதி மிச்சம்.

சரிபார்ப்புப் பட்டியலில் கடைசி வரி:
பழைய டிஸ்க்கை முற்றாக அழிக்கவும்.
இன்று வியாழன்.
அந்த ஒரு கட்டத்துக்குள் மட்டும்
நான் இன்னும் சரி போடவில்லை.